முதல் நாள் அரிசிப் பையோடு போகாதீர்கள்

பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், போக வேண்டிய வீட்டை எட்டும் முன்பே அது யாருக்கு என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். திண்ணையில் இருப்பவர் பார்த்தாயிற்று, குழாயடியில் குடத்தோடு நிற்பவர் பார்த்தாயிற்று. அந்த வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்து, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்யா, இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்று சாத்திவிடுவார். திரும்பும் வழியில் "வீம்பு பாருங்க, பட்டினி கிடந்தாலும் கிடப்பாங்க" என்று பேசிக்கொண்டு வருவோம். அவருக்கு அரிசி வேண்டும். தெரு பார்ப்பதுதான் வேண்டாம்.

சபையில் வீடு சந்திப்புக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேகரங்களின், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளின், வழக்கத்தை மனதில் வைத்தே சொல்கிறோம். மற்ற இடங்களில் பெயர்கள் மாறும், கதவு மாறாது.

ஒருவர் "வேண்டாம்" என்றால் எதை வேண்டாம் என்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. நம் ஊரில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் மொய் நோட்டுக் கணக்கு. கல்யாணத்துக்கு ஐந்நூறு வந்தால் அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு ஐந்நூறுக்குக் குறையாமல் போக வேண்டும். திருப்பிச் செய்யவே முடியாத ஒன்றை வாங்குவது அப்படி வளர்ந்தவர்களுக்குத் தலைகுனிவு. எழுபது வயதுக்காரருக்கு அது ரத்தத்தில் ஊறியது. இன்னொருவருக்கு மொய் பயம் இல்லை, ஜெபக் குறிப்புப் பயம் இருக்கும். தன் மகன் குடிக்கிறான் என்று ஒரு தாய் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் "இன்னார் குடும்பத்தின் விடுதலைக்காக" என்று வாசிக்கப்பட்டுவிட்டால், அந்த வீட்டுக் கதவு நமக்கு அத்தோடு சரி. மூன்றாவது ஒருவருக்கு ஆஸ்பத்திரிப் பயம். நான்காவது ஒருவர் மனச்சோர்வில் இருப்பார்; அவர் உதவியை மறுக்கவில்லை, எழுந்து வந்து கதவைத் திறக்கத் தெம்பில்லை. இத்தனை பேருக்கும் ஒரே பதிலாக அரிசிப் பையை நீட்டுவதுதான் நம் தவறு.

அதனால் முதல் மூன்று சந்திப்புக்கு வெறுங்கையோடு போங்கள். இரண்டு பேர் போதும். நாலு பேர் போனால் அது கமிட்டி. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போகும் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள், அவர்கள் பானையை மூடி மறைக்க வேண்டிவரும். காலை பத்தரையோ மாலை நாலரையோ சரியான நேரம். இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், அவர்களே "இருங்க" என்றாலும்.

போனதும் ஏதாவது கேட்டு வாங்கிக் குடியுங்கள். சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது தாகத்துக்குத் தண்ணீர். கொடுக்கப்போகிற ஜீவத் தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தால் குடிக்க வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்கள் பாதி டம்ளராவது வாங்கிக்கொள்ளலாம், அல்லது தண்ணீர் கேட்கலாம். "பரவாயில்லம்மா, வேண்டாம்" என்று நாம் சொல்லிவிட்டு, அவர்கள் நம்மிடம் வேண்டாம் என்றால் மட்டும் வருத்தப்படுவது என்ன நியாயம்? கைப்பிடி அரிசி எடுக்கிற சபைகளில் இன்னொரு தவறு நடக்கும்: "அவங்களே கஷ்டப்படுறாங்க" என்று அந்த வீட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கிற பெண்ணுக்கு, சபையில் தானும் கொடுக்கிறவள் என்ற இடம் இருக்கிறது. அந்த இடம் இருந்தால்தான் என்றைக்காவது வாங்கவும் கை நீளும்.

சபையே சேர்ந்து சமைத்து எல்லாருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகையில் இதை நன்றாகப் பார்க்கலாம். வருஷம் முழுக்க ஒரு படி அரிசி வாங்க மறுக்கிற ஆள், அசனச் சோற்றுக்குப் பந்தியில் உட்கார்ந்து, வீட்டுக்கும் தூக்குச் சட்டியில் வாங்கிப் போவார். ஊரே சாப்பிடுகிறது, ஊரே வாங்கிப் போகிறது. அதில் வசதி இல்லாதவர் யார் என்ற அடையாளம் இல்லை. உதவியை அசனம் மாதிரி செய்ய முடியுமா என்று பாருங்கள். கண் பரிசோதனை முகாம் என்றால் சபைக்கு முழுதுமாக வைத்து, போக வேண்டியவரை "நீங்க வந்து பேர் எழுதித் தாங்க" என்று வேலைக்குக் கூப்பிடுவது நல்ல வழி. பேர் எழுதியவரே கடைசியில் கண்ணையும் காட்டிவிட்டு வருவார்.

கேட்கிற கேள்வியும் முக்கியம். "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்றால் "ஒண்ணும் வேண்டாம்" என்பதுதான் மரியாதையுள்ள பதில், வேறு பதில் சொல்ல அந்தக் கேள்வி இடம் தராது. "ராத்திரி தூக்கம் வருதா?", "இந்த வாரத்துல எது ரொம்பத் தொல்லையா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனிடம் இயேசு "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்கிறார். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குளத்தில் இறக்கிவிட ஆளில்லை, எனக்கு முன்னே வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்று தன் பாட்டைச் சொன்னான். நம் வீடுகளிலும் பதில் இப்படித்தான் வரும். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று மூன்று முறை போய் உட்கார்ந்து கேட்டால், நாலாவது முறை வெளியே வருவது பெரும்பாலும் சின்ன விஷயம்: "நாலு கோழி நிக்கி. நான் போயி படுத்துட்டா யாரு தீனி போடுவா?" கோழிக்கு ஆள் ஏற்பாடு செய்வது சுலபம். ஆனால் வாக்குக் கொடுத்தால் காலையும் மாலையும் போய்ப் போட வேண்டும். ஒரு கோழி காணாமல் போனால் நம் ஊழியமும் அதோடு போயிற்று.

தருமம் வாங்காதவர்கள் உரிமையை வாங்குவார்கள். முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தகுதியிருந்தும் எழுதிப் போடாதவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் பிறந்த வருஷமும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்றில், வீட்டுப் பெயர் இன்னொன்றில் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். அதைச் சரிசெய்த பிறகு இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடமாட முடியாதவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்பவரும் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவார்.

ஜெபம் பற்றி ஒரு வார்த்தை. கேட்டுவிட்டு ஜெபியுங்கள், ஒரு நிமிடம் போதும். கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே, இவருடைய பெருமையை உடைத்தருளும்" என்று ஆண்டவருக்குச் சொல்வதுபோல் அவருக்குச் சொல்வது ஜெபம் இல்லை, பதில் பேச முடியாதவரிடம் பண்ணுகிற பிரசங்கம். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்த எலியாவுக்கு, தேவதூதன் தட்டியெழுப்பித் தந்தது சுட்ட அடையும் தண்ணீரும். தின்றுவிட்டு மறுபடி படுத்தான். மறுபடியும் தட்டி, சாப்பிடு, பயணம் தூரம் என்றான். ஏன் இப்படிப் படுத்திருக்கிறாய் என்று தூதன் கேட்கவே இல்லை.

வயதானவர்களைக் குளிப்பாட்டுவதில் வரும் மறுப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மறதி நோய் வந்தவர்களைக் கவனிக்கும் வீடுகளில் பெரிய சண்டையே குளியலறை வாசலில்தான். "அடம் பிடிக்காங்க" என்பார்கள். அவருக்குக் குளிர்கிறது, துணியை அவிழ்க்கிறவர் யாரென்று தெரியவில்லை, செம்புத் தண்ணீர் தலையில் விழும்போது மூச்சு முட்டுகிறது. அவர் கையை ஓங்குவது நம் மேல் உள்ள கோபத்தால் அல்ல.

செய்யும் முறை இது. தினம் குளிக்க வேண்டியதில்லை, வாரம் இரண்டு நாள் போதும். மற்ற நாளில் முகம், அக்குள், இடுக்கு, பாதம் துடைத்தால் சரி. அரை வாளி வெந்நீர், முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் அளவு. சோப்பு, துண்டு, மாற்றுத் துணி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் முன்பே இருக்க வேண்டும், நடுவில் எடுக்க ஓடக் கூடாது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், முடிந்தவரை ஒரே ஆள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தோளிலிருந்து தொடைவரை ஒரு பெரிய துண்டைப் போர்த்துங்கள். துண்டை விலக்காமல் அதற்கு அடியிலேயே கழுவலாம். முதலில் பாதம். பாதத்தை வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்தாலே தோள் இறங்கும். பிறகு முழங்கால், கை, முதுகு. தலை கடைசியில், அதுவும் ஊற்றாமல் ஈரத் துணியால். செய்யப் போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "இப்ப இடது கால்." வேண்டாம் என்று காலை இழுத்தால் நிறுத்தி, துவட்டி, பத்து நிமிடம் கழித்துக் கேளுங்கள். பாதம் மட்டும் கழுவிய நாளும் குளித்த நாள்தான். பேதுருவும் "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றவன்தான். இயேசு காலைப் பிடித்து இழுக்கவில்லை, பேசினார். பிறகு அவனே கையும் தலையும் சேர்த்து என்றபோது, கால் போதும் என்றார்.

குடிக்கிறவர்கள் விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு உயிரை எடுக்கும். வருஷக்கணக்காக தினமும் நிறையக் குடிக்கும் ஒருவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி, உபவாச ஜெபத்தில் உட்கார வைப்பதும் அறையில் பூட்டுவதும் ஆபத்து. நிறுத்திய 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு இடம் காலம் தெரியாமல் போய், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், சுவரில் ஆள் நிற்பதாகச் சொல்வார். இதைப் பிசாசு என்று நினைத்து இரவெல்லாம் கட்டி வைத்து ஜெபித்தால் காலையில் உயிர் இருக்காமலும் போகலாம். இது மருந்தால் தணிகிற நிலை, உடனே 108. மருத்துவரிடம் "இவர் தினம் குடிக்கிறவர், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு" என்று மறைக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 வைட்டமின் ஊசி போடுவது அதைத் தெரிந்தால்தான் நடக்கும். காய்ச்சல் என்று மட்டும் சொல்லிச் சேர்க்கும் குடும்பங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆளை இழக்கின்றன.

குழம்பிலோ டீயிலோ தெரியாமல் மாத்திரை கலப்பது இன்னொன்று. குடியை நிறுத்தும் மருந்துகளில் டைசல்ஃபிராம் என்பது, அதன்மேல் சாராயம் பட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும்படி செய்வது. தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் சாப்பிடுகிறவர் அதைப் பயந்தே குடிக்காமலிருப்பார். தெரியாதவர் வழக்கம்போல் குடிப்பார். இதயம் பலவீனமாக இருந்தால் சாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு வரும். பிழைத்தாலும், மனைவி கையால் சாப்பிடுவதை அவர் விட்டுவிடுவார். விளம்பரத்தில் வரும் பொடிப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

செய்யத் தகுந்தது இவ்வளவுதான். போதையில் இருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள்; காலையில், தனியாக, கோபமில்லாமல், நடந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள். "நேத்து பிள்ளை ஃபீஸ் காசு போயிருச்சு, உங்களுக்கு எப்படி இருக்கு?" கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்லாதீர்கள், கடைக்கடனை அடைக்காதீர்கள், பிள்ளைகளின் சாப்பாட்டையும் படிப்பையும் மட்டும் விடாமல் பாருங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன கலாத்தியர் ஆறாம் அதிகாரமே மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் சொல்கிறது. முதலாவது பிள்ளைகளுக்கு, இரண்டாவது கடைக்கடனுக்கு. குடியை விட விரும்புகிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும், 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் ஆலயக் கட்டடங்களில் நடக்கின்றன. சபை ஒரு அறையை வாரம் ஒரு மாலை கொடுத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் இருப்பது பெரிய உதவி. அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, குடும்பத்தாரும் கூப்பிடலாம். திரும்பக் குடிப்பார், ஒரு முறைக்கு மேலும் குடிப்பார். குடியை விட்டதும் அவரைச் சாட்சி சொல்ல மேடையேற்றியவர்கள்தான் அவர் திரும்பி வர வெட்கப்படும் முதல் ஆட்கள். அதனால் ஒரு வருஷத்துக்கு மேடை வேண்டாம்.

அடிக்கிற புருஷனிடம் "சகித்துக்கொள், ஜெபி" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது இரக்கம் ஆகாது. பெண்கள் உதவி எண் 181-ஐ அவர் கையில் கொடுங்கள்; போவதும் போகாததும் அவர் முடிவு. போகவில்லை என்று கோபித்துக்கொண்டு நாமும் அந்த வீட்டை விட்டால், அடிக்கிறவனுக்கு அது வசதி.

மறுப்பை மதிக்கக் கூடாத இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் உண்டு. வலிப்பு, நினைவு தப்பியது, குழந்தைக்கு ஆபத்து, சாகப்போகிறேன் என்ற பேச்சு. கடைசியைக் கேட்டால் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில் பேசலாம். ஏற்கெனவே குடித்திருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இங்கெல்லாம் சம்மதத்துக்குக் காத்திருப்பது மரியாதை இல்லை.

மனநோய் என்றால் கட்டிப்போடலாம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். நம் ஜெப வீடுகளும் இந்த வழக்கத்தில் சுத்தமானவை என்று சொல்ல முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. புரிந்து முடிவெடுக்க முடிகிறவரின் மறுப்புக்கு மதிப்புத் தருகிறது. முடியாத நிலையில் இருப்பவரை மருத்துவர்கள் பரிசோதித்து, குறிப்பிட்ட காலத்துக்குச் சேர்க்கவும் வழி வைத்திருக்கிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். சபையை நடத்தும் உபதேசியாரோ மாமனாரோ அல்ல.

உதவுகிறவர்களும் சலித்துப் போவார்கள். "இவ்வளவு செஞ்சும் ஒரு நன்றி இல்ல" என்ற பேச்சு வந்தால் அந்த ஜோடிக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுங்கள், அதற்குள் அடுத்த ஜோடியைப் பழக்கிவிட வேண்டும். நல்ல சமாரியன்கூட எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனான். உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றதும் துக்கத்தோடு திரும்பிப் போன பணக்கார வாலிபனை இயேசு அன்போடு பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார்; பின்னாலேயே ஓடிப்போய், பாதி விற்றால் போதும் என்று பேரம் பேசியதாக எழுதவில்லை.

கதவு திறக்காத நாளில் மூன்று முறை தட்டி, பெயரைச் சொல்லி, "அடுத்த மாசம் ரெண்டாம் சனிக்கிழமை வாறேன்" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன சனிக்கிழமை மழை பெய்தாலும் போக வேண்டும். வாசலில் பையை வைத்துவிட்டு வராதீர்கள், அது தெருவில் தண்டோராப் போட்டது மாதிரி. திரும்பும்போது கொல்லைப்பக்கம் கொடியில் கிடக்கும் துணியைப் பாருங்கள். போன தடவை கிடந்த அதே சேலை அதே மடிப்பில் கிடந்தால் எதிர்வீட்டில் விசாரியுங்கள், அவர்களை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். துணி மாறியிருந்தால் அந்த மாதத்துக்கு அது போதும்.